வேலையை மாற்றி மனநல ஆலோசகராக வருகிறவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு

நாற்பது வயதை ஒட்டி வேலையை மாற்றிக்கொண்டு மனநல ஆலோசகராகலாம் என்று நினைப்பவர்கள் சிங்கப்பூரில் நிறையவே இருக்கிறார்கள். வங்கிக்காரர், பள்ளி ஆசிரியர், மனிதவளப் பிரிவில் இருந்தவர், தாதி, கணினித் துறைக்காரர் என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, "எந்தப் படிப்பில் சேரலாம்?" அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உதவி தேடி வருகிறவரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் மணிநேரம் எங்கே கிடைக்கும், அதை யார் மேற்பார்வை செய்வார்கள்? இங்கே படிப்புக்குப் பஞ்சமில்லை, மணிநேரத்துக்குத்தான் பஞ்சம். அதிலும் தமிழில் பேசிய மணிநேரம் என்றால் இன்னும் பஞ்சம்.

மருத்துவருக்கும் தாதிக்கும் இருப்பதுபோல் ஆலோசகருக்கு இங்கே சட்டப்படியான உரிமம் கிடையாது. வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தவரும் "கவுன்சலர்" என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். இந்த இடைவெளியை ஓரளவு அடைப்பது சங்கங்களின் பதிவேடு. சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் கவுன்சலிங் அமைப்பில் பதிவுபெற்ற ஆலோசகர் என்ற தகுதி உண்டு. அங்கீகரித்த படிப்பு, மேற்பார்வையோடு செய்த ஆலோசனை நேரம், ஒழுக்கநெறி விதிகளுக்குக் கட்டுப்படுதல் மூன்றும் இருந்தால்தான் கிடைக்கும். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் வேலை கொடுக்கும் அமைப்புகள் பல இதைக் கேட்கின்றன. ஆகவே ஒரு படிப்புக்குப் பணம் கட்டுமுன், அதை முடித்தவர்களைச் சங்கம் ஏற்கிறதா என்று சங்கத்திடமே எழுதிக் கேளுங்கள். படிப்பை விற்கிறவரிடம் கேட்டால் "ஆமாம்" என்ற பதில்தான் வரும்.

எந்த வேலைக்கு வருகிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியலில் பட்டம் பெற்று அதன்மேல் முதுகலை முடித்தவர். முறையான சோதனைகள் செய்து மதிப்பிடுவார். சமூக சேவகர் வீடு, பணம், பிள்ளை பாதுகாப்பு என்று வாழ்க்கையின் பல முனைகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பவர். ஆலோசகரின் வேலை பேச்சு வழியாக, வாரா வாரம், குறித்த நேரத்தில் நடப்பது. வருகிறவர்களில் பாதிப்பேர் மனத்தில் உள்ள வேலை உண்மையில் சமூக சேவகருடையது என்பது என் எண்ணம். அப்படியானால் அந்தப் படிப்புக்கே போவது நல்லது. அங்கே வேலையும் கூடுதல்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகம் ஆகியவற்றில் ஆலோசனை சார்ந்த முதுகலைகள் உண்டு. ஓவியம் வழி சிகிச்சைக்கு லசால் கலைக் கல்லூரி இருக்கிறது. மானியமில்லாத முதுகலை என்றால் 20,000 வெள்ளிக்கு மேல் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து அரசின் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை கூடுதலாக உண்டு. ஆனால் அது குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும்தான் செல்லும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பணத்தைவிடப் பலரைக் கவிழ்ப்பது களப்பயிற்சி. ஒரு படிப்பு 100 மணிநேர நேரடி ஆலோசனை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு நாள் குடும்பச் சேவை நிலையம் ஒன்றுக்குப் போகிறீர்கள், மூன்று பேருக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். மூவரும் தவறாமல் வந்தால் 34 வாரம். மூவரில் ஒருவர் வராமல் போவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். அப்படியானால் 50 வாரம். நிலையம் திறந்திருப்பது பெரும்பாலும் அலுவலக நேரத்தில். 14 நாளோ 21 நாளோ ஆண்டு விடுப்பை வைத்துக்கொண்டு இதை முடிக்க முடியாது. வகுப்பெல்லாம் இரவில்தானே என்று நம்பிச் சேர்ந்து, பாடங்களை நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, களப்பயிற்சியில் வந்து நின்றுவிட்டவர்கள் இருக்கிறார்கள். சேருமுன் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள்: இடம் நீங்கள் பிடித்துத் தருவீர்களா, நானே தேட வேண்டுமா? முதலாளியிடமும் கேளுங்கள்: ஓராண்டுக்கு வாரம் நான்கு நாள் வேலைக்குச் சம்மதிப்பீர்களா? இரண்டு பதிலும் கையில் வந்த பிறகு முன்பணம் கட்டலாம்.

களப்பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தமிழில் பேச ஆள் வருகிற இடமா என்று பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "தமிழ் பேசுவேன்" என்று எல்லாரும்தான் எழுதுவார்கள். "மேற்பார்வையோடு தமிழில் 40 மணிநேரம்" என்று எழுத முடிகிறவர் குறைவு.

மேற்பார்வை என்றால் வேலையை அதிகாரி சரிபார்ப்பது என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மூத்த ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து, நடந்த பேச்சை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் மேற்பார்வை. பத்து மணிநேர ஆலோசனைக்கு ஒரு மணிநேரம் என்பது பரவலான வழக்கம். படிப்பு முடிந்த பிறகு அதற்கும் நீங்களே பணம் கொடுக்க வேண்டி வரலாம். ஒரு மணிநேரத்துக்கு நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். வந்தவரின் சம்மதத்தோடு பதிவு செய்த பேச்சில் பத்து நிமிடத்தை, "ம்" கூட விடாமல் எழுதிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் பழைய தொழில் எங்கே குறுக்கே வருகிறது என்று தெரியும்.

வந்தவர் சொல்கிறார்: "வீட்ல யாரும் என்கிட்ட பேசுறதே இல்ல சார். வேலைக்குப் போறேன், வர்றேன், படுக்குறேன்." ஆசிரியராக இருந்தவர் உடனே, "நீங்களா ஒரு தடவ பேசிப் பாருங்களேன்" என்பார். பொறியாளர் "வேலை எத்தனை மணிக்கு முடியுது? பேசுறதுக்கு எந்த நேரம் தோதா இருக்கும்?" என்று அட்டவணை போட ஆரம்பிப்பார். மனிதவளத்தில் இருந்தவர், "அவங்க பக்கத்துல என்ன காரணம் இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று விசாரணை நடத்துவார். தாதியாக இருந்தவர், "கவலப்படாதீங்க, சரியாயிடும்" என்று கட்டுப்போட்டுவிடுவார். எதுவும் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. ஆனால் வந்தவர் அதோடு நிறுத்திக்கொள்வார். "யாரும் பேசுறதே இல்லங்கறீங்க" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு, பத்து நொடி வாயைத் திறக்காமல் இருக்கப் பழகுவதற்கு முதல் ஆறு மாதம் போய்விடும். அந்தப் பத்து நொடியில்தான் பெரும்பாலும் அடுத்த வரி வரும்: "பையன் போனதுலருந்துதான்."

இனி மொழி. வகுப்பு, புத்தகம், நடித்துப் பழகும் பயிற்சி எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. முதன்முதலாகத் தமிழில் பேச உட்காரும்போது, ஆங்கிலத்தில் சரளமாக வந்த வாக்கியங்கள் தொண்டையில் நிற்கும். செய்தி வாசிப்பது போன்ற தமிழ் வாயில் வரும். எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து "சரிங்க, சரிங்க" என்று மரியாதையாகத் தலையாட்ட ஆரம்பிப்பார். அதற்கு மருந்து, கட்டாயம் சொல்ல வேண்டிய சில பேச்சுகளை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது. ரகசியம் காப்பதைப் பற்றி இப்படிச் சொல்லலாம்:

"இங்க நீங்க பேசுறது நமக்குள்ளதான் இருக்கும். சில விஷயத்துல மட்டும் நான் வெளிய சொல்ல வேண்டி வரும். உங்க உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, இன்னொருத்தருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, இல்ல சட்டப்படி சொல்லித்தான் ஆகணும்னா. அப்பவும் முடிஞ்ச வரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். என்னோட மேற்பார்வையாளர்கிட்ட பேசுவேன், ஆனா உங்க பேரச் சொல்ல மாட்டேன்."

சட்டப்படி என்பது வெறும் பேச்சுக்கு இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு, சில கடுமையான குற்றங்களைப் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமையை எல்லார் மேலும் வைக்கிறது. நீங்கள் வேலை செய்யும் அமைப்பு இதை எப்படிக் கையாள்கிறது என்பதை முதல் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வருகிறவர்களில், வயதானவர்கள் குறிப்பாக, "மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடப்பு, தலைபாரம், கைகால் அசதி, ராத்திரி தூக்கமில்லை என்று வருவார்கள். முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தம், இதயம், தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அங்கேதான் அனுப்ப வேண்டும். மனக்கவலை என்று நாமே முடிவுகட்டி, உடம்பு நோயைத் தவறவிடுவது இந்தத் தொழிலில் நடக்கக்கூடிய மோசமான பிழைகளில் ஒன்று.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, அதிகபட்சம் மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு கவனிக்க வேண்டும். தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னால், கண்ணாடி கொண்டுவராத அம்மா எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் குறி போட்டுத் தந்துவிடுவார். வாயால் கேட்டாலும் "எத்தனை நாள்?" என்றதற்கு "எப்பவுமே இப்படித்தாம்மா" என்று பதில் வரும். நாளைப் பிடித்துக் கேளுங்கள்: "போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பேரன் வந்தான்னீங்களே, அதுக்கப்புறம் எத்தன ராத்திரி தூங்கல?" அப்போது எண்ணிச் சொல்வார். இன்னொன்று: ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் 6 என்று வந்தாலும் அந்த ஒன்றில் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், மற்றதை மூடிவைத்துவிட்டு அதைத்தான் பேச வேண்டும்.

அதைச் சுற்றி வளைத்துக் கேட்காதீர்கள். "தப்பான முடிவு ஏதாவது..." என்று இழுத்தால், கேட்பவருக்கே பயம் என்று எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும், "சேச்சே, அதெல்லாம் இல்ல" என்று முடித்துவிடுவார். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தோன்றுகிறது என்றால் அடுத்து: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா, இன்று இரவு வீட்டில் யார் கூட இருப்பார்கள். தற்கொலைக்கு முயல்வது இங்கே 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. இன்றும் "போலீஸ் வருமா?" என்று வாய்மூடிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த ஒரு தகவலே பேசுவதற்குத் தைரியம் கொடுக்கும்.

முறைசொல்லி அழைப்பதைத் தடுக்காதீர்கள். மூத்தவர் "தம்பி" என்பார், கட்டுமான ஊழியர் "அக்கா" என்பார். நீங்கள் "நீங்க" என்றே பேசுங்கள். ஆனால் அக்கா என்ற உரிமையோடு, முதலாளிக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்க, நூறு வெள்ளி கடன் கொடுங்க என்பதும் பின்னால் வரும். எது செய்வேன், எது செய்ய மாட்டேன் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தால் அப்போது கசப்பு வராது. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. தமிழ்ச் சமூகம் அதிலும் சின்னது. தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதோ கோயில் வரிசையிலோ உங்களிடம் ஆலோசனைக்கு வருகிறவர் எதிரே வந்து நிற்கத்தான் போகிறார். "வெளிய பார்த்தா நானா வந்து பேச மாட்டேன், நீங்க பேசினா நானும் பேசுவேன்" என்று முன்பே சொல்லி வையுங்கள். சொந்தக்காரர், சொந்தக்காரரின் சம்பந்தி, பிள்ளையின் தமிழாசிரியர் இவர்களையெல்லாம் நீங்கள் எடுக்கக்கூடாது. அதற்காகவே தமிழில் ஆலோசனை செய்யும் வேறு இரண்டு மூன்று பேரின் தொடர்பு உங்களிடம் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்தால், மேற்பார்வையாளருக்கு எட்டாத தமிழ் நுணுக்கங்களையும் பேசிக்கொள்ளலாம்.

தமிழ் தெரியாத ஆலோசகர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: அம்மாவுக்கு மகனையே மொழிபெயர்க்க வைப்பது. மருமகளோடு உள்ள சண்டையையோ, கணவர் கை நீட்டியதையோ அந்த அம்மா மகன் வாயால் சொல்ல வைப்பாரா?

எட்டும் தூரத்தில் ஆலோசனை என்றதும் எல்லாரும் கட்டணத்தைத்தான் பேசுகிறார்கள். கட்டணமும் பெரிய விஷயம்தான். தனியாரிடம் 50 நிமிடத்துக்கு 120 முதல் 200 வெள்ளி வரை கேட்பது சகஜம். தனியார் ஆலோசகரிடம் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் செல்லாது. இரக்கப்பட்டு எல்லாருக்கும் குறைக்கலாம் என்று தொடங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். உதாரணத்துக்கு, வாரம் 12 பேர். எட்டுப் பேரிடம் 140 வெள்ளி, நான்கு பேரிடம் 40. மொத்தம் 1,280. அறை வாடகை மணிக்கு 30 என்றால் 360 போய், மிச்சம் 920. ஆண்டுக்கு 46 வாரம் வேலை செய்தால் 42,320. மேற்பார்வைக்கு 24 மணிநேரம், 120 வெள்ளி வீதம் 2,880 கழித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 3,290 வெள்ளி நிற்கும். இதையே தலைகீழாக்கி நான்கு பேரிடம் முழுக் கட்டணம், எட்டுப் பேரிடம் 40 என்றால் மாதம் 1,750தான். இரண்டு ஆண்டுக்குள் கடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த எட்டுப் பேரும் நடுவழியில் நிற்பார்கள். குறைந்த கட்டண இடங்கள் இத்தனை என்று முன்பே முடிவு செய்து, அவை நிறைந்தால் வேறிடத்துக்கு அனுப்புங்கள். எதிரே உட்கார்ந்து அழுகிறவரைப் பார்த்து அந்த நிமிடத்தில் கட்டணத்தை முடிவு செய்தால், கையில் பணமிருந்தும் நன்றாக அழுபவருக்குத் தள்ளுபடியும், இல்லாமல் இறுகிப்போய் உட்கார்ந்திருப்பவருக்கு முழுக் கட்டணமும் விழும்.

அனுப்ப இடங்கள் உண்டு. வட்டாரக் குடும்பச் சேவை நிலையங்கள், பீட்டி சாலையில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையம், 16 முதல் 30 வயதினருக்கு மனநலக் கழகம் என்ற மனநல மருத்துவமனையின் சாட் பிரிவு. மருத்துவமனை உளவியலாளரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்க வேண்டுமானால் பலதுறை மருந்தகம் போன்ற இடத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போக வேண்டும். நேராகப் போனால் முழுக் கட்டணம். மனநலக் கழகம் என்றதும் சில மூத்தவர்கள் முகம் மாறும். 1928இல் திறந்த பழைய உட்பிரிட்ஜ் மருத்துவமனைதான் 1993இல் புவாங்கோக்கிற்கு மாறியது. அந்தப் பழைய பெயரைச் சொல்லித் திட்டியும் பயமுறுத்தியும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு, மனநல நிலையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதைச் சொல்லலாம்.

நேரமும் இடமும் கட்டணத்துக்குச் சளைத்த தடைகளில்லை. பாதுகாவலர், துப்புரவாளர் பலர் நீண்ட நேர முறை வேலை பார்ப்பவர்கள். சிலருக்கு வேலை நேரம் முந்தின நாள்தான் தெரியவரும். அவர்களிடம் "24 மணிநேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுக் கட்டணம்" என்ற விதியை நீட்டினால் இரண்டாவது முறை வரமாட்டார்கள். இரண்டு நாளைக்கு முன் வாட்ஸ்அப்பில் தமிழில் ஒரு நினைவூட்டல், இரவு எட்டு மணிக்கு வாரம் இரண்டு இடம், இந்த இரண்டும் செய்தாலே வராமல் போவது குறையும். வீவக அடுக்குமாடி வீட்டில் அறைக்கதவைச் சாத்தினாலும் கூடத்தில் கேட்கும். காணொளியில் பேசும் இளையரிடம், காதொலிக் கருவி போட்டுக்கொண்டு கீழ்த்தளத்திலோ வாகன நிறுத்துமிடத்திலோ உட்காரச் சொல்லலாம்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு இது இன்னும் சிக்கல். துவாஸ், கிராஞ்சி பக்கத்து விடுதிகளில் ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, அதுவும் சிலருக்கு இல்லை. தொலைபேசிதான் வழி. எடுத்தவுடன், "பக்கத்துல ஆள் இருக்காங்களா?" இருந்தால் "ஆமா, இல்ல" என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். லைன் அறுந்தால் யார் திரும்பக் கூப்பிடுவது என்பதையும், இப்போது எந்த விடுதி, எந்த புளோக்கில் இருக்கிறார் என்பதையும் முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் ஆளை அனுப்ப அது வேண்டும். அடுத்து அவர் கேட்கப்போவது, "இது கம்பெனிக்குத் தெரியுமா?" பணம் கொடுப்பது முதலாளி என்றால் அவருக்கு என்ன அறிக்கை போகிறது என்று உங்களுக்கே சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். மழுப்பினால் பேச்சு அங்கேயே முடியும். முகவருக்குக் கட்டிய கடனும் சம்பள பாக்கியும் பேச்சால் தீராது. மனிதவள அமைச்சு, வெளிநாட்டு ஊழியர் நிலையம், ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் அமைப்பு என்று யாரிடம் எதற்குப் போவது என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

கடைசியாக, காத்திருப்போர் பட்டியல். "ஆறு வாரம் கழித்துத்தான் இடம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டால், கூப்பிடத் துணிந்த வேகம் அந்த ஆறு வாரத்தில் வடிந்துவிடும். நாள் குறித்துச் சொல்லுங்கள். 24 மணிநேரமும் இயங்கும் மனநல உதவி எண்களான தேசிய மைண்ட்லைன் 1771, சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, இரண்டு எண்ணையும் அவர் கைப்பேசியில் அப்போதே சேமிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வாரம் ஒருமுறை, நான்காவது வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கூப்பிட்டு, தூக்கம், சாப்பாடு, வேலைக்குப் போகிறாரா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். மூன்றில் ஏதாவது ஒன்று சரிந்திருந்தால் பட்டியலில் மேலே ஏற்றுங்கள்.